சொல்லின் வினை – 17: யாரைச் சரிக்கட்டினார்கள்?

விருதுநகர் மாவட்டச் செய்திப் பக்கத்தில் பட்டாசு ஆலை விபத்துகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இரண்டு வாக்கியங்கள் மனப்பாடமாகியிருக்கும். ‘மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து நேரிட்டது’ என்பது முதல் நாள் வாக்கியம். ‘பேச்சுவார்த்தைக்குப் பிறகு உறவினர்கள் உடலைப் பெற்றுச் சென்றனர்’ என்பது மறுநாள் வாக்கியம். ஊரும் தேதியும் எண்ணிக்கையும்தான் மாறும். முதல் வாக்கியத்தின் எழுவாய் உராய்வு. அதை யாரும் செய்யவில்லை, அது தானாக ஏற்பட்டது. இரண்டாவதன் எழுவாய் உறவினர்கள். அவர்கள் பெற்றுக்கொண்டார்கள், போனார்கள். இரண்டுக்கும் நடுவே பிணவறை வாசலில் ஒரு பகலோ ஓர் இரவோ நடந்தது என்ன என்பதைச் சொல்லும் வினைச்சொல் அச்சில் ஏறுவதில்லை. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பேச்சில் அந்த வினைக்குப் பஞ்சமே இல்லை: ‘சரிக்கட்டியாச்சு.’ குலைந்துபோன இணக்கத்தை மறுபடி கூட்டிவைப்பதற்குத் தமிழில் எத்தனையோ வினைகள் உண்டு. இந்த வாரம் இந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

‘சரி’யும் ‘கட்டு’ம் சேர்ந்தது சரிக்கட்டு. சமமாகும்படி செய் என்பதுதான் அடிப்பொருள். மேடு பள்ளமான தரையை மண் போட்டுச் சரிக்கட்டுகிறோம். போன வருஷ நஷ்டத்தை இந்த வருஷ மகசூலில் சரிக்கட்டப் பார்க்கிறோம். கணக்கைச் சரிக்கட்டுகிறோம். வேலைக்கு வராதவர் இடத்தை இன்னோர் ஆளைப் போட்டுச் சரிக்கட்டுகிறோம். இதுவரை எல்லாம் நேர்மையான பொருள். அடுத்த படியில் செயப்படுபொருள் மாறுகிறது. முறுக்கிக்கொண்டு நிற்கும் மைத்துனரைச் சரிக்கட்டுகிறோம். இதிலும் குற்றமில்லை, கொஞ்சம் கெஞ்சல், கொஞ்சம் வெற்றிலை பாக்கு. பிறகு சாட்சியைச் சரிக்கட்டுகிறார்கள். அதிகாரியைச் சரிக்கட்டுகிறார்கள். புகார் கொடுத்தவரைச் சரிக்கட்டுகிறார்கள். வினை அதேதான், எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ‘நஷ்டத்தை’ என்று இருந்த இடத்தில் ‘ஆளை’ என்று வந்து உட்கார்ந்ததும் சொல்லின் குணமே புரண்டுவிட்டது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இணக்கத்தை மீட்கும் வினை எதுவானாலும், அது இழப்பின் மேல் வேலை செய்கிறதா, இழந்தவரின் மேல் வேலை செய்கிறதா என்று பார்த்தால் அங்கே நடந்தது சமாதானமா, வாயடைப்பா என்று தெரிந்துவிடும்.

இந்தச் சொல்லின் கலப்படமில்லாத வடிவம் எங்கே பத்திரமாக இருக்கிறது என்று தேடினால், பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடத்தில் இருக்கிறது. அங்கே ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ என்று ஒரு பாடம். வியாபாரி தன் ரொக்க ஏட்டில் எழுதிவைத்திருக்கும் வங்கி இருப்பு ஒன்று, வங்கி தன் அறிக்கையில் காட்டும் இருப்பு இன்னொன்று; இரண்டும் பொருந்தாது. பொருந்தாததற்காக யாரும் ஓர் ஏட்டைக் கிழித்துப்போடுவதில்லை, ஓர் எண்ணைச் சுரண்டி மற்றதைப்போல் ஆக்குவதுமில்லை. வேறுபாடு எதனால் வந்தது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். காசோலை கொடுத்தாயிற்று, வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை: இவ்வளவு. வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டது, நம் ஏட்டில் ஏறவில்லை: இவ்வளவு. வசூலுக்குப் போட்ட காசோலை இன்னும் வரவாகவில்லை: இவ்வளவு. இப்படி ஒவ்வொரு வரியாகக் கூட்டியும் கழித்தும் வந்தால்தான் கடைசியில் இரண்டு எண்களும் ஒன்றாகும். ஒரு ரூபாய் இடித்தாலும் மறுபடி முதலிலிருந்து. சரிகட்டுதல் என்ற வினையின் முறை இதுதான்: வேறுபாட்டை மறைக்கக் கூடாது, பெயர் சொல்லி வரிசைப்படுத்த வேண்டும், அப்புறம்தான் சரி.

பழைய இலக்கணமும் இதையே வேறொரு மூலையிலிருந்து சொல்கிறது. தலைவி ஊடுகிறாள், தலைவன் அவள் ஊடலைத் தீர்க்கிறான். இந்தத் தீர்த்தலுக்குத் தொல்காப்பியம் முதலாக வழங்கும் வினை ‘உணர்த்து’. ஊடல் தணிவதற்குப் பெயர் ‘உணர்தல்’. திருக்குறளின் காமத்துப்பாலிலும் உணர்தலுக்கு இந்தப் பொருள் உண்டு. அறிந்துகொள்வதற்கும் சமாதானமாவதற்கும் ஒரே வினை. தற்செயலாக அமைந்தது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊடியவள் உண்மையை அறிந்தாள், அதனால் தணிந்தாள் என்பதுதானே அதன் உள்ளுறை? அறியாமல் தணிந்தால் அது தணிவில்லை, அடங்கல். இணங்குவதற்கும் அடங்குவதற்கும் உள்ள தூரத்தை நம் மொழி அன்றே அளந்து வைத்திருக்கிறது.

இந்தக் குடும்பத்துச் சொற்கள் சில வழியிலேயே தடம் மாறிப்போயிருக்கின்றன. தென்மாவட்டப் பேச்சில் ‘ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க’ என்றால் பகை தீர்ந்தது என்று பொருள். ஜாதக ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சம்மதம், திருப்தி என்று பொருள்படும் அரபுச் சொல் பாரசீக மொழி வழியாகச் சர்க்கார் கச்சேரிக்கு வந்து, அங்கிருந்து நம் வாய்க்கு வந்தது. கம்பெனிக் காலத்து நீதிமன்றங்களில் இரு தரப்பும் சம்மதித்து எழுதித் தாக்கல் செய்த சமாதானப் பத்திரத்துக்கு ராஜிநாமா என்று பேர். நிலத்தை விட்டுக்கொடுக்கும் குடியானவர் எழுதித் தந்த தாளுக்கும் அதே பேர் வழங்கியது. இன்று ராஜிநாமா என்றால் வேலையை விட்டுப் போவது ஒன்றுதான். சம்மதித்துச் சேர்வதைச் சொன்ன சொல் விலகிப் போவதைச் சொல்லும் சொல்லாக முடிந்தது. சமரசத்தின் கதையும் வருத்தமானது. வள்ளலார் 1865-இல் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே அது முதற்சொல்லாக நின்றது. எல்லா உயிரையும் ஒன்றாகப் பார்க்கும் நிலைக்கு அது பெயர். இன்று மேடையில் ஒருவர் ‘சமரசம் செய்துகொள்ள மாட்டேன்’ என்று முழங்கினால் கைதட்டுகிறோம். சமரசம் ஒரு பலவீனமாகிவிட்டது. ஆட்களைச் சரிக்கட்டுவதையெல்லாம் சமரசம் என்று நாகரிகமாக எழுதி எழுதியே அந்தச் சொல்லின் மானத்தை வாங்கினோம் என்பது என் எண்ணம்.

ஒப்புரவு மட்டும் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல்; உலக நடையை அறிந்து ஊருக்குப் பயன்பட வாழ்தல் என்று உரைகாரர்கள் விரிப்பார்கள். தமிழ் விவிலியம் இதே சொல்லை எடுத்து ‘ஒப்புரவாகு’, ‘ஒப்புரவாக்கு’ என்று வினையாக்கிக்கொண்டது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஓர் ஏற்பாடு வருகிறது: காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்பவனுக்கு, தன்மேல் சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். இங்கே எழுந்து நடக்க வேண்டியவன் யார் என்று கவனியுங்கள். குறைபட்டவன் இல்லை, குறைக்குக் காரணமானவன். சரிக்கட்டு என்பதிலும் எழுவாய் அவன்தான். ஆனால் ஒப்புரவாகு என்பது தன்வினை, ‘சகோதரனோடே’ என்று மூன்றாம் வேற்றுமை வரும். மாற வேண்டியவன் தானே மாறுகிறான். சரிக்கட்டு பிறவினைபோல நின்று, எதிரில் இருப்பவரை மாற்றுகிறது. இலங்கையில் போருக்குப் பிறகு 2010-இல் அமைத்த ஆணைக்குழுவுக்குத் தமிழில் வைத்த பெயரில் ‘நல்லிணக்கம்’ என்ற சொல் இருந்தது. அழகான சொல்தான், ஆனால் வினையாகாது. நல்லிணங்கினேன், நல்லிணங்கினார்கள் என்று யாரும் பேசுவதில்லை. ஏற்படுத்து, உருவாக்கு, வளர் என்று இன்னொரு வினையின் தோளில் ஏறித்தான் அது நகர முடியும். செய்தவர் யார் என்று கேட்க இடம் தராத சொற்கள்மேல் எனக்கு ஓர் ஐயம் உண்டு.

இப்போது தாயில்பட்டிக்குத் திரும்புவோம். மழையை நம்பிய கரிசல் காடும் அதற்கு நடுவே தூரத்தூரமாக நிற்கும் சின்னச் சின்ன அறைகளும் உள்ள நிலம் இது. மருந்து கலக்க ஓர் அறை, செலுத்த ஓர் அறை, திரி வைக்க ஓர் அறை என்று வேலை பிரிந்திருக்கும். ஓர் அறை போனாலும் பக்கத்து அறை தப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. அறைக்கு நான்கு பேர் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆக, இங்கேயும் இரண்டு ஏடுகள் உண்டு. உரிமத்தில் எழுதிய ஆட்கள், அறையில் உட்கார்ந்திருந்த ஆட்கள். உரிமத்தில் அனுமதித்த மருந்து, அன்று கலந்து வைத்திருந்த மருந்து. உரிமத்தில் பெயருள்ளவர், உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற வெடிப்பில் இந்த ஏடுகள் எவ்வளவு விலகியிருந்தன என்பது பிறகுதான் வெளியே வந்தது. ஓர் ஆலை, பல கைகளுக்கு உள்குத்தகை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, நீதிபதி கண்ணன் தலைமையில் குழு அமைத்து விசாரிக்க வைத்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே, வீட்டில் வைத்துப் பட்டாசு செய்த இடத்தில் வெடித்து உயிர்கள் போயின. அங்கே உரிமமும் இல்லை, பதிவேடும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ஏடே கிடையாது.

கணக்குப்பதிவியல் பாடத்தின்படி சரிகட்டுவதென்றால், இந்த இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வேறுபாட்டையும் எழுத வேண்டும். நான்குக்குப் பதில் எத்தனை பேர், ஏன். பதிவேட்டில் பெயரில்லாமல் அறையில் இருந்தவர் யார். மருந்து எவ்வளவு கூடுதல், யார் சொல்லி. பிணவறை வாசலில் நடப்பதோ வேறு. அங்கே ஒரு தொகை பேசப்படுகிறது, ஒரு காசோலை கைமாறுகிறது, உடல் வண்டியில் ஏறுகிறது. தொகை கூடியதா குறைந்ததா என்பதல்ல என் வாதம். எந்த வேறுபாடும் எழுதப்படாமல் கீழ்வரியில் மட்டும் ‘சரி’ என்று போடுகிறார்கள் என்பதுதான்.

சட்டம் இந்த இலக்கணத்தை நூறு ஆண்டுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, வேலையில் இறந்தவருக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது என்றது. ஆணையரிடம் கட்ட வேண்டியிருந்தது. சார்ந்திருந்தோர் யார், யாருக்கு எவ்வளவு என்று அவர் பிரித்துக் கொடுத்தார். பதினேழாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ‘எனக்கு இழப்பீடு வேண்டாம்’ என்றோ குறைத்துக்கொள்கிறேன் என்றோ தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அந்தத் தாள் செல்லாது என்றது. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. தொகையும் பேரத்துக்கு உரியதல்ல. நாளொன்றுக்கு 600 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 15,000. அதில் பாதி 7,500. இறந்தவருக்கு வயது 30 என்றால் அட்டவணையில் உள்ள எண் 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். வயது 40 என்றால் எண் 184.17, தொகை 13,81,275. ஈ.எஸ்.ஐ.யில் பெயர் ஏறியிருந்தால் வழி வேறு. அங்கே சார்ந்திருப்போருக்கு மாதாமாதம் உதவித்தொகை. எந்த வழியானாலும் கூலி, வயது, சார்ந்திருப்போர் என்று இழப்பைத்தான் அளக்கிறார்கள். எவ்வளவு கொடுத்தால் அழுகை நிற்கும் என்று குடும்பத்தை அளப்பதில்லை. ‘குடும்பத்தைச் சரிக்கட்டியாச்சு’ என்பதற்கும் ‘குடும்பத்துக்குச் சரிக்கட்டியாச்சு’ என்பதற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வேற்றுமை உருபு. எட்டாம் பிரிவு செய்ததெல்லாம் அந்த ‘ஐ’யை எடுத்துவிட்டு ‘கு’வை வைப்பதுதான்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகக் கனமானது பசி. வீட்டில் சம்பாதித்த ஆள் போய்விட்டார். பதினாறாம் நாளுக்கே பணம் வேண்டும், பள்ளிக் கட்டணம் நிற்கிறது, குழுக் கடன் தவணை நிற்கிறது. அதிகாரி, வழக்கு, வாய்தா என்று அலையும் நேரத்தில் கையில் வரும் காசோலை கடவுள் கொடுத்ததுபோல் இருக்கும். அதை வாங்கிக்கொண்டவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. ஆனால் சட்டம் இந்தப் பசியை மறந்து எழுதப்பட்டதல்ல. மூன்று மாதக் கூலி அளவுக்கு முதலாளி குடும்பத்துக்கு உடனே முன்பணம் தரலாம். அது பிறகு கணக்கில் கழியும். அடக்கச் செலவுக்குத் தனித் தொகை உண்டு. ஒரு மாதத்துக்குள் முழுத்தொகை கட்டாவிட்டால் 12 விழுக்காடு வட்டி, தகுந்த காரணமில்லாத தாமதத்துக்குத் தொகையில் பாதி வரைக்கும் அபராதம். பிணவறை வாசலில் கொடுக்கும் காசோலையை முன்பணமாக எழுதிக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அதை முடிவாக எழுதி வாங்குவதில்தான் குற்றம் இருக்கிறது. அவசரம் முன்பணத்துக்கு நியாயம். கடைசிக் கையெழுத்துக்கு நியாயமாகாது.

சட்டமே சமரசத்தைப் பாராட்டுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். சென்னை உயர் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இல் தொடங்கியது; நாட்டில் அப்படி அமைந்தவற்றில் அதுதான் முதலாவது. மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் அந்த முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு. சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள் அங்கே ஏராளமாக முடிகின்றன, குடும்பங்களுக்கு அது நன்மையும் கூட. ஆனால் இரு தரப்பும் கூடி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியல் ஒன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் அந்தப் பட்டியலில் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவாக இருந்தபோதும் இல்லை, இன்று புதிய சட்டத்தின் 106-ஆம் பிரிவாக ஆனபிறகும் இல்லை. தொகையைப் பற்றிக் குடும்பம் பேசலாம். அந்த அறையில் ஏன் வெடித்தது என்ற கேள்வியை விட்டுக்கொடுக்கக் குடும்பத்துக்கு அதிகாரம் கிடையாது, ஏனென்றால் அந்தக் கேள்வி நாளைக்கு அடுத்த அறையில் உட்காரப்போகிறவர்களுடையது.

இன்னொரு மறுப்பு ஊரின் பக்கமிருந்து வரும். உள்குத்தகைக்கு எடுத்தவர் வெளியூர்க்காரர் அல்ல, அதே தெரு. போர்மேன் செத்தவருக்கு மாமன் முறையாக இருப்பார். கைதாகி உள்ளே போவதும் பெரும்பாலும் அந்தப் போர்மேன்தான். வழக்கென்று நீண்டால் பங்குனிப் பொங்கலில் ஒரு பந்தலில் நிற்க முடியாது, மறுபடி அதே வேலைக்குப் போக முடியாது. சரிக்கட்டிவிட்டால் ஊர் ஒன்றாக இருக்கும். இந்த மறுப்பில் இருக்கும் வலியை நான் ஒப்புக்கொள்கிறேன். அறையில் கூடுதல் ஆளை உட்காரவைத்த போர்மேனுக்கும் மேலே ஒருவர் ‘தீபாவளி லோடு போகணும்’ என்று சொல்லியிருப்பார். அவர் அந்தத் தெருவில் இருக்க மாட்டார். ஆனால் இதே உண்மைதான் வேறுபாடுகளை எழுத வேண்டும் என்பதற்கு வலுவான காரணம். எழுதாமல் சரிக்கட்டும்போது மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவே ஒரு பகையும் ஒரு மௌனமும் தங்கிவிடுகின்றன. மேலே இருந்தவர் எந்த ஏட்டிலும் வருவதில்லை. வரிவரியாக எழுதினால் போர்மேனின் பங்கு இவ்வளவு, குத்தகைக்காரர் பங்கு இவ்வளவு, உரிமக்காரர் பங்கு இவ்வளவு, பார்க்க வேண்டியவர் பார்க்காமல் போனது இவ்வளவு என்று பிரியும். போர்மேன் சுமக்கும் பாரம் அப்போது குறையத்தான் செய்யும்.

ஒரு சொல் எப்படிப் போனால் என்ன, சொல்லை மாற்றினால் உயிர் திரும்புமா என்று கேட்பவர்களுக்கு: சொல் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல் சாட்சி. ‘உராய்வு ஏற்பட்டு’ என்று எழுதும் செய்தியாளர் பொய் எழுதவில்லை. உராய்வு உண்மையிலேயே ஏற்பட்டது. மருந்துக்கு உராய்வு ஆகாது என்பது அங்கே வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாயாக உராய்வு உட்கார்ந்துவிட்டால் மனிதருக்கு இடமில்லை. முதல் நாள் செய்தியில் இன்னும் மூன்று விவரத்துக்கு இடம் கொடுக்கலாம்: அந்த அறைக்கு அனுமதி எத்தனை பேர், அன்று இருந்தவர் எத்தனை பேர், ஆலையை நடத்திக்கொண்டிருந்தவர் உரிமக்காரரா குத்தகைக்காரரா. ‘உறவினர்கள் உடலைப் பெற்றுச் சென்றனர்’ என்ற வரிக்குக் கீழே, அடுத்த மாதம் இன்னும் ஒரு வரி வரலாம்: இழப்பீட்டுக்கு உரிய அதிகாரியிடம் இந்தத் தேதியில், இவருடைய பெயரில், இவ்வளவு ரூபாய் கட்டப்பட்டது, அல்லது, இன்றுவரை கட்டப்படவில்லை.

(தொடரும்)